நுரையீரல் புற்றுநோய்: எந்த வகைக்கு எந்த மருந்து ஏற்றப்படுகிறது?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் இரவுப் பேருந்தில், மடியில் எக்ஸ்றே உறையையும் கையில் கிளினிக் கொப்பியையும் வைத்துக்கொண்டு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்பவர்களைக் காணலாம். என் பெரியப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரியவந்த ஆண்டில் நானும் அவருடன் பலமுறை அந்தப் பேருந்தில் சென்றேன். ஒருமுறை, மூதூரிலிருந்து கணவருடன் வந்திருந்த ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, உங்கட பெரியப்பாவுக்கும் நெஞ்சிலதானே கான்சர். என்ர மனுசனுக்கும் அதுதான். இவருக்கு மூண்டு நாள் தொடர்ந்து மருந்து ஏத்துறாங்கள், உங்கட ஆளை ஒரு நாளோட அனுப்புறாங்கள். ஏன் தம்பி அப்பிடி?" தன் கணவரின் நோய் முற்றிவிட்டதால்தான் மூன்று நாள் ஏற்றுகிறார்களோ என்ற பயம் அவருடைய குரலில் தெரிந்தது. அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னர் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை, இந்த நோயை முதன்முதலாக எதிர்கொள்ளும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு எவரும் தமக்கான மருந்தைத் தாமே தீர்மானிக்க முடியாது. ஆனால் தமக்கு ஏற்றப்படும் மருந்து ஏன் அந்த மருந்து என்பதை வைத்தியரிடம் பயமின்றிக் கேட்க முடியும்.

கீமோ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் மருந்துச் சிகிச்சை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நம் உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. ஒரு கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அது முதலில் தன்னுள் இருக்கும் மரபுப் பொருளான டி.என்.ஏ.யை ஒரு பிரதி எடுத்து, பின்னர் அந்த இரண்டையும் இரு பக்கமாக இழுத்துப் பிரிக்க வேண்டும். புற்றுநோய்க் கலங்கள் கட்டுப்பாடின்றி இந்த வேலையைச் செய்துகொண்டே இருப்பவை. கீமோ மருந்துகளுள் சில டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு பிரதி எடுப்பதைத் தடுக்கின்றன. சில, பிரதி எடுக்கத் தேவையான மூலப்பொருள்களைக் கலம் தயாரிக்கவிடாமல் செய்கின்றன. வேறு சில, இரண்டாகப் பிரிக்கும் இழைகளை அசையவிடாமல் இறுக்கிவிடுகின்றன. எப்படியாயினும் பிரிய முயலும் கலம் நடுவழியில் சிக்கி இறந்துபோகிறது. இங்கேதான் பக்கவிளைவுகளின் காரணமும் இருக்கிறது. மயிர்வேர், வாயினதும் குடலினதும் உட்படை, குருதிக் கலங்களை உண்டாக்கும் என்பு மச்சை ஆகிய இடங்களில் உள்ள நல்ல கலங்களும் வேகமாகப் பிரிபவை என்பதால், மருந்து அவற்றையும் தாக்குகிறது. நல்ல கலங்கள் மீண்டெழ அவகாசம் வேண்டும் என்பதற்காகவே மருந்து ஒரேயடியாக ஏற்றப்படாமல், பெரும்பாலும் 21 நாட்களுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் ஏற்றப்படுகிறது.

இனி அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். "நெஞ்சில் கான்சர்" என்பது இடத்தின் பெயர். நோயின் பெயர் அன்று. கோணேசர் மலையின் அடிவாரத்தில் வலை இழுப்பவர்களுக்கு, கடலில் மீன் என்று சொன்னால் போதாது, சூரையா, கீரியா, சாளையா என்று சொன்னால்தான் எந்த வலை என்று தெரியும். அதுபோலவே, நுரையீரலில் தோன்றும் புற்றுநோய் எந்த வகைக் கலத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் எந்த மருந்து என்று சொல்ல முடியாது. அதைச் சொல்பவர், கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்கும் நோயியல் நிபுணர். பயொப்சி அறிக்கை வரும்வரை வைத்தியர் மருந்தைத் தொடங்காமல் காத்திருப்பது அலட்சியத்தால் அன்று. இருமலும் சளியில் இரத்தமும் கண்டால் நமது பகுதியில் முதலில் காசநோய் என்றே எண்ணுகிறோம். அது நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் காசநோய் இல்லை என்று உறுதியான பின்னும் இருமல் நீடித்தால், அடுத்த கட்டமான சி.ரி. ஸ்கேனையும் பயொப்சியையும் தள்ளிப்போடக் கூடாது.

முதல் பெரும் பிரிவு மிக எளிமையானது. நுரையீரல் புற்றுநோய் வந்த 100 பேரில் ஏறத்தாழ 15 பேருக்கு இருப்பது சிறுகலப் புற்றுநோய். மற்ற 85 பேருக்கும் இருப்பது சிறுகலம் அல்லாத புற்றுநோய். இரண்டாவது பிரிவுக்குள்ளேயே இன்னும் சில வகைகள் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை, அடினோகார்சினோமா எனப்படும் சுரப்பிக்கலப் புற்றுநோயும், ஸ்குவாமஸ் எனப்படும் செதிற்கலப் புற்றுநோயும் ஆகும். பெருங்கலப் புற்றுநோய் என்ற மூன்றாவது வகை குறைவாகவே காணப்படுகிறது. அறிக்கையில் ரி.ரி.எப்-1 என்ற குறியீட்டுக்கு நேரே பொசிற்றிவ் என்று இருந்தால் அது பெரும்பாலும் அடினோகார்சினோமாவின் பக்கத்தையும், பி40 பொசிற்றிவ் என்று இருந்தால் ஸ்குவாமஸ் வகையையும் காட்டும். ரி.ரி.எப்-1 சிறுகல நோயிலும் தென்படக்கூடும் என்பதால், ஒரு குறியீட்டை மட்டும் பார்த்து வீட்டில் முடிவெடுக்காமல், அறிக்கையின் இறுதியில் நிபுணர் எழுதியிருக்கும் முடிவு வரியையே வாசிக்க வேண்டும்.

சிறுகலப் புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் நீண்டகாலம் புகைத்தவர்களுக்கே வருகிறது. பீடியானாலும் சுருட்டானாலும் சிகரெட்டானாலும் கணக்கு ஒன்றுதான். அது மிக வேகமாக வளர்ந்து, கண்டுபிடிக்கப்படும்போதே ஈரல், என்பு, மூளை போன்ற இடங்களுக்குப் பரவியிருப்பது வழக்கம் என்பதால், அறுவைச் சிகிச்சைக்கு அங்கே மிக அரிதாகவே இடம் உண்டு. இந்த நோயின் கலங்கள் சில வேளைகளில் ஹோர்மோன் போன்ற பொருள்களைச் சுரந்து குருதியில் சோடியத்தைக் குறைத்துவிடும். நோயாளி திடீரென்று தடுமாறிப் பேசினால் வீட்டார் அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஆயினும், வேகமாகப் பிரியும் கலங்களையே கீமோ எளிதில் தாக்கும் என்று மேலே சொன்னது இங்கே நோயாளிக்குச் சாதகமாகிறது. மற்ற எந்த நுரையீரல் புற்றுநோயையும்விடச் சிறுகல நோய் கீமோவுக்கு விரைவாகக் கட்டுப்படுகிறது. முதல் சுற்று முடிவதற்குள்ளேயே மூச்சிளைப்புக் குறைந்து, முகவீக்கம் வடிந்து, நோயாளி எழுந்து உட்காருவதைக் காணலாம்.

அதற்குப் பல ஆண்டுகளாக அடிப்படையாக இருப்பது இரண்டு மருந்துகளின் சேர்க்கை: சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் ஒன்று, எற்றோபொசைட் மற்றொன்று. முதல் மருந்து சுற்றின் முதல் நாளில் மட்டும் ஏற்றப்படும். எற்றோபொசைட் வழக்கமாக முதல் மூன்று நாட்களும் ஏற்றப்படும். மூதூர் அக்காவின் கணவருக்கு மூன்று நாள் தொடர்ந்து ஏற்றியதன் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருந்திருக்க வேண்டும். மூன்று நாள் என்பது அந்த மருந்து வேலைசெய்யும் முறையோடு தொடர்புடையது. நோய் எவ்வளவு முற்றியது என்பதற்கு அது அளவுகோல் அன்று. இத்தகைய சுற்றுகள் பொதுவாக நான்கு முதல் ஆறு வரை கொடுக்கப்படும். நோய் மார்பின் ஒரு பக்கத்துக்குள் அடங்கியிருந்தால், கீமோவுடன் அதே காலத்தில் மார்புக்குக் கதிர்ச் சிகிச்சையும் கொடுப்பார்கள். பூரண குணத்துக்கான வாய்ப்பு உள்ள கட்டம் அது. பரவிவிட்ட நிலையில், அற்றெசோலிசுமாப் அல்லது டூர்வலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை, அதாவது உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்தை, கீமோவுடன் சேர்த்தால் வாழ்நாள் ஓரளவு நீள்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மூளைக்குப் பரவாதிருக்க முன்கூட்டியே தலைக்குக் கதிர் வைப்பதும் சிலருக்கு ஆலோசிக்கப்படும்.

இந்த நோயின் கொடுமை, அது திரும்பி வருவதில் இருக்கிறது. முதல் சிகிச்சைக்கு அழகாகக் கட்டுப்பட்ட பின் சில மாதங்களில் மீண்டும் தலைதூக்குவது இதன் இயல்பு. நீண்ட இடைவெளியின் பின் திரும்பினால் அதே மருந்தையே மறுபடி கொடுக்கலாம். விரைவில் திரும்பினால் ரொப்போற்றிக்கான் போன்ற வேறு மருந்துக்கு மாற வேண்டியிருக்கும். குடும்பத்தார் இதை ஆரம்பத்திலேயே அறிந்திருப்பது நல்லது என்பது என் எண்ணம். முதல் நல்ல ஸ்கேன் வந்தவுடன் "சுகமாகிவிட்டது" என்று கிளினிக்கை நிறுத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மேலே சொன்ன சிஸ்பிளாட்டின் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் ஏறக்குறைய எல்லா வகை நுரையீரல் புற்றுநோய்க்கும் அதுவோ அதன் தங்கையான கார்போபிளாட்டினோ அடித்தளமாக இருக்கிறது. நகைக்கடையில் விலையேறிய உலோகமாக நாம் அறிந்த பிளாட்டினமே இதன் நடுவில் உள்ளது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெற் ரோசன்பேர்க் என்ற விஞ்ஞானி, பற்றீரியா வளரும் நீரில் பிளாட்டினத் தகடுகளை வைத்து மின்னைச் செலுத்திப் பார்த்தார். பற்றீரியா இரண்டாகப் பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போயிற்று. மின்சாரத்தால் அன்று, தகட்டிலிருந்து கரைந்து உருவான பிளாட்டினச் சேர்வையால்தான் பிரிவு நின்றது என்று கண்டு 1965இல் வெளியிட்டார். பிரிவை நிறுத்தும் பொருள் புற்றுநோயை நிறுத்தாதா என்ற கேள்வியிலிருந்து பிறந்த மருந்து, 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சிஸ்பிளாட்டின் வலிமையானது; ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும், கடும் வாந்தியைத் தரும், காதில் இரைச்சலையும் விரல்நுனிகளில் விறைப்பையும் உண்டாக்கும். சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே அதற்கு முன்னும் பின்னும் மணிக்கணக்காகச் சேலைன் ஏற்றுகிறார்கள். கார்போபிளாட்டின் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் சற்று இதமானது. அதற்குப் பதிலாக, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளை அதிகம் குறைக்கும். அதன் அளவையும் உடல் எடையை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காமல், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் கணக்கிட்டே தீர்மானிப்பார்கள். என் பெரியப்பாவுக்கு நீரிழிவினால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. ஆகவே வைத்தியர் கார்போபிளாட்டினைத் தெரிவுசெய்தார். "மற்ற ஆக்களுக்கு பெரிய மருந்து, எனக்கு சின்ன மருந்தோ" என்று அவர் மனம் வருந்தியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவருடைய உடலுக்குப் பொருந்தியது அதுவே என்பதை அன்று விளக்க எனக்குத் தெரிந்திருந்தால், அந்த வருத்தத்தைக் குறைத்திருப்பேன்.

அவருக்கு இருந்தது ஸ்குவாமஸ் வகை. இதுவும் புகைத்தலோடு நெருங்கிய தொடர்புடையது. பெரும்பாலும் நுரையீரலின் நடுப்பகுதியில், பெரிய மூச்சுக்குழாயின் சுவரில் தோன்றுவதால் சளியில் இரத்தம் வருவது இதில் அதிகம். இதற்குப் பிளாட்டின மருந்தோடு பக்ளிற்றாக்செல், ஜெம்சிற்றபின், டொசிற்றாக்செல் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். பக்ளிற்றாக்செலைச் சுமார் மூன்று மணி நேரத்தில் ஏற்றி, அதே நாளில் கார்போபிளாட்டினையும் ஏற்றி 21 நாட்களுக்கு அனுப்பிவிடலாம்; எங்கள் ஒரு நாள் பயணத்தின் காரணம் அதுவே. ஒவ்வாமை வராதிருக்க முன்னதாக ஸ்ரீரொயிட் கொடுப்பார்கள். முடி முழுவதும் கொட்டும், பாதம் மரத்துப்போகும். ஜெம்சிற்றபின் என்றால் சுற்றின் முதல் நாளிலும் எட்டாம் நாளிலும் வர வேண்டும். முடி அவ்வளவாகக் கொட்டாது. தூரப் பயணம் செய்ய வேண்டிய நமக்கு எட்டாம் நாள் என்பது சிறிய விடயம் அன்று. மருந்து தொடங்குமுன்பே இதை வைத்தியரிடம் எடுத்துச் சொல்வதில் தவறில்லை. இயலுமானால் மட்டக்களப்பு, தெல்லிப்பழை, கண்டி, அனுராதபுரம் ஆகிய இடங்களில் உள்ள புற்றுநோய்ப் பிரிவுகளுள் அருகில் உள்ளதற்கு மாற்றித் தருமாறும் கேட்கலாம்.

அடினோகார்சினோமா இன்று மிகுதியாகக் காணப்படும் வகை. புகைப்பவர்களுக்கும் வரும், ஒருநாளும் புகைத்தறியாத பெண்களுக்கும் வரும். "சிகரெட் தொடாத மனுசிக்கு எப்படி வந்தது" என்று அயலவர் கேட்கும் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்த வகையே. இதற்கான கீமோவில் பிளாட்டினத்துடன் பெமெற்றெக்செட் என்ற மருந்து சேர்க்கப்படுகிறது. இந்த மருந்தில்தான் வகையின் முக்கியத்துவம் மிகத் தெளிவாகப் புலப்பட்டது. 2008இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சிஸ்பிளாட்டினுடன் பெமெற்றெக்செட் பெற்றவர்களையும் ஜெம்சிற்றபின் பெற்றவர்களையும் ஒப்பிட்டபோது, மொத்தத்தில் இரண்டும் சமமாகவே தோன்றின. வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதோ, அடினோகார்சினோமா உள்ளவர்கள் பெமெற்றெக்செட்டினால் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். ஸ்குவாமஸ் உள்ளவர்களுக்கு ஜெம்சிற்றபினே மேலாக இருந்தது. ஒரே உறுப்பு, ஒரே பெயர், ஆனால் எதிரெதிரான விடை. அன்றிலிருந்து பெமெற்றெக்செட் ஸ்குவாமஸ் வகைக்குக் கொடுக்கப்படுவதில்லை. அதேபோல், கட்டியின் குருதிக் குழாய்களைத் தடுக்கும் பெவசிசுமாப் என்ற மருந்தும் ஸ்குவாமஸ் வகையில் ஆபத்தான இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகிறது.

பெமெற்றெக்செட் பெறுபவர்கள், மருந்து தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பிருந்தே போலிக் அமில மாத்திரையை நாள்தோறும் எடுக்க வேண்டும். விற்றமின் பி12 ஊசியும் ஒன்பது வாரங்களுக்கு ஒருமுறை போடப்பட வேண்டும். சாதாரண விற்றமின்தானே என்று இதை விட்டுவிட்டால், வாய்ப்புண்ணும் குருதிக் கலக் குறைவும் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் போகலாம். சின்ன மாத்திரை என்பதால் வீட்டில் முதலில் மறக்கப்படுவது அதுதான்.

அடினோகார்சினோமாவில் கீமோவுக்கு முன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. கட்டியின் கலங்களில் ஈ.ஜி.எப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்பதே அது. ஆசிய நாட்டவரிடம், அதிலும் புகைக்காதவர்களிடம், இந்த மாற்றம் மேலைநாட்டவரைவிட அதிகமாகக் காணப்படுகிறது. மாற்றம் இருந்தால் ஜெபிற்றினிப், எர்லொற்றினிப், ஒசிமெர்ற்றினிப் போன்ற மாத்திரைகள் கீமோவைவிட நன்றாக வேலைசெய்யும், ஏ.எல்.கே. என்ற மற்றொரு மாற்றத்துக்கு அலெக்ற்றினிப் போன்ற வேறு மாத்திரைகள் உண்டு. இவை கீமோ அல்ல. குறிவைத்துத் தாக்கும் மருந்துகள். கிழக்காசிய நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று இதில் திருப்புமுனையாக அமைந்தது. மாற்றம் இருந்தவர்களுக்கு ஜெபிற்றினிப் மாத்திரை கீமோவை வென்றது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ அதே மாத்திரை கீமோவைவிட மிகவும் பின்தங்கியது. ஆகவே பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மாத்திரையே போதுமாக இருந்தது என்பதற்காக, பரிசோதனை இல்லாமல் நம் வீட்டவருக்கும் மாத்திரை கேட்பது அவருக்குத் தீங்காகவே முடியும். எர்லொற்றினிப் 2019இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மாத்திரைக்குக் கட்டி பழகிவிட்டால், பெரும்பாலும் பெமெற்றெக்செட் கீமோவுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இவ்விரு மாற்றங்களும் இல்லாதபோது, பி.டி.-எல்1 என்ற புரதம் கட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அது 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் கொடுக்கலாம். குறைவாக இருந்தால் அதைக் கீமோவுடன் சேர்த்துக் கொடுக்கலாம். இவை மிகவும் விலையுயர்ந்தவை. காணியையோ நகையையோ விற்று வாங்கலாமா என்று குடும்பங்கள் தவிப்பதை நான் அறிவேன். அந்த முடிவுக்கு முன், "இந்த மருந்தால் இவருக்கு எவ்வளவு காலம் கூடுதலாகக் கிடைக்கலாம், இல்லாமல் கீமோ மட்டும் கொடுத்தால் என்ன" என்று வைத்தியரிடம் நேராகக் கேட்க வேண்டும். சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், எற்றோபொசைட், பக்ளிற்றாக்செல், ஜெம்சிற்றபின் ஆகிய பழைய மருந்துகள் யாவும் அத்தியாவசியப் பட்டியலில் உள்ளவை. பழையவை என்பதால் அவை பயனற்றவை ஆகிவிடவில்லை.

வகைக்கு அடுத்தபடியாக, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது கீமோவின் நோக்கத்தையே மாற்றுகிறது. கட்டியை வெட்டி எடுத்த பின், எஞ்சியிருக்கக்கூடிய கலங்களை அழிப்பதற்காகச் சிஸ்பிளாட்டின் அடங்கிய நான்கு சுற்றுகள் கொடுக்கப்படலாம். அதனால் 100 பேரில் ஏறத்தாழ ஐந்து பேர் கூடுதலாக ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். ஐந்து பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம், ஆனால் அந்த ஐவரில் ஒருவர் நம் வீட்டவராகவும் இருக்கலாம். வெட்ட முடியாதபடி நெஞ்சின் நிணநீர்க் கணுக்களில் பரவியிருந்தால், கீமோவும் கதிரும் ஒன்றாக. வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்தால், நோயை அடக்கி மூச்சையும் வலியையும் இலகுவாக்கி வாழ்நாளை நீட்டுவதே குறிக்கோள். எந்தக் குறிக்கோளோடு மருந்து ஏற்றப்படுகிறது என்பதை நோயாளிக்கு மறைப்பது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. பெரும்பாலும் அவர் அதை ஊகித்துவிடுகிறார், பின்னர் தனியே பயப்படுகிறார்.

நோயாளியின் உடல்நிலையும் முக்கியம். தன் வேலைகளைத் தானே செய்து நடமாடுபவர் இரண்டு மருந்துகளைத் தாங்குவார். பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் கழிப்பவருக்கு ஒரே மருந்தோ, கீமோ இல்லாத வலிநிவாரணப் பராமரிப்போ நல்லதாக இருக்கலாம். வயது மட்டும் தடையாகாது.

நித்தியகல்யாணி, அதாவது நம் முற்றங்களில் பூக்கும் பட்டிப்பூ, பற்றி ஒரு வார்த்தை. நுரையீரல் புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டினுடன் கொடுக்கப்படும் வினொரெல்பின் என்ற மருந்து, அந்தச் செடியில் உள்ள பொருளிலிருந்து ஆய்வுகூடத்தில் மாற்றி உருவாக்கப்பட்டது என்பது உண்மை. அதனால் பட்டிப்பூவை அவித்துக் குடிக்கலாம் என்பது உண்மை அன்று. செடி நஞ்சுள்ளது, அவித்த நீரில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எவராலும் அளந்து சொல்ல முடியாது, கீமோவோடு சேர்ந்து குருதிக் கலங்களை இரட்டிப்பாகக் குறைத்துவிடவும் கூடும்.

கடைசியாக, மருந்து ஏற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிய பின் வீட்டார் கவனிக்க வேண்டியவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது ஊரில் உடல் விரைவில் வறண்டுபோகும். சிஸ்பிளாட்டின் பெற்றவர் வாந்தியால் நீர் அருந்த முடியாமல் இருந்தால் அதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. மூட்டுவலிக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் வைத்தியரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது காய்ச்சல். மருந்து ஏற்றி ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்றோ, அடுத்த கிளினிக்கில் சொல்வோம் என்றோ இருக்காமல், அந்த இரவிலேயே திருகோணமலை, கிண்ணியா, மூதூர் ஆகியவற்றில் எது அருகில் உள்ளதோ அந்த வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கைக்காசு குறைவு, வாகனம் இல்லை, வெளியே மழை என்பவை எல்லாம் உண்மையான இடர்கள்தாம். ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் சில மணி நேரத் தாமதம்கூட உயிரைப் பறிக்கலாம். அங்கே கடமையில் இருக்கும் வைத்தியரிடம் முதல் வாக்கியமாகவே "இவருக்கு கீமோ ஏற்றி இத்தனை நாள்" என்று சொல்லுங்கள். பயொப்சி அறிக்கையின் முடிவு வரியையும், கடைசியாக ஏற்றிய மருந்துகளின் பெயரும் திகதியும் உள்ள பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, வீட்டில் இரண்டு பேரிடமாவது வைத்திருங்கள். கிளினிக் கொப்பி எங்கே என்று நள்ளிரவில் தேட வேண்டி வராது.